பழைய கடித உறையின் வயது என்ன?

உங்கள் வீட்டுப் பரணிலோ தாத்தாவின் தகரப் பெட்டியிலோ பழைய கடிதக் கட்டு ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தபால் தலை சேர்க்கும் பழக்கம் உள்ளவர் என்றால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, உறைகளின் மூலைகளைக் கத்தரித்து ஊறப் போடுவீர்கள். சற்று நேரத்தில் தலைகள் தனியே மிதக்கும். தலைகள் ஆல்பத்துக்குப் போகும். உறைகள் குப்பைக்குப் போகும். கடிதங்கள் பழைய பேப்பர்க் கடைக்குப் போகும்.

நண்பர்களே, அப்படிச் செய்துவிடாதீர்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட அரையணாத் தலைகள் கோடிக்கணக்கில் அச்சிடப்பட்டவை. இன்றும் சில ரூபாய்க்கு ஒன்று வாங்கிவிடலாம். ஆனால் அது ஒட்டப்பட்டிருந்த அந்த உறை உலகத்திலேயே ஒன்றுதான். தலை, உறை, கடிதம் மூன்றும் ஒன்றாக இருக்கும்போது அவை சொல்லும் செய்தி வேறு. பிரித்துவிட்டால் மூன்றும் ஊமைகளாகிவிடும். எப்படி என்கிறீர்களா? ஓர் உறையைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

அதற்கு முன் பழைய நாணயக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 பை. கால் அணா என்றால் 3 பை. 1957 ஏப்ரல் முதல் தேதி புதிய காசுகள் வந்து இந்தக் கணக்கை முடித்துவைத்தன. நம் நாட்டில் முதல் தபால் தலை 1852இல் சிந்து மாகாணத்தில் வெளிவந்தது. நாடு முழுவதற்குமான தலைகளும் ஒரே சீரான கட்டணமும் 1854 அக்டோபர் முதல் தேதி வந்தன. கடிதம் எவ்வளவு தூரம் போனாலும் கால் தோலா எடைக்கு அரையணா. ஒரு தோலா 11.66 கிராம் என்பதால் கால் தோலா ஏறத்தாழ 2.9 கிராம். இன்று நகல் எடுக்கப் பயன்படும் ஏ-4 தாள் ஒன்றின் எடையே 4 கிராமுக்கு மேல்! அக்காலத்துக் கடிதங்கள் மெல்லிய தாளில், ஓரம் விடாமல், நுணுக்கி நுணுக்கி எழுதப்பட்டிருப்பதன் ரகசியம் இதுதான். எடை வரம்பு பிற்பாடு தளர்ந்தது.

இனி நம் உறைக்கு வருவோம். ரங்கூனில் வியாபாரம் செய்த ஒருவர் சாத்தூரில் இருந்த தம் அண்ணனுக்கு எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையின் மேல் விழுந்த வட்ட முத்திரையில் ‘ரங்கூன்’ என்ற பெயர் தெரிகிறது. தேதி மட்டும் மசியில் அப்பிப்போய்விட்டது. இந்தக் கடிதம் எந்த ஆண்டு எழுதப்பட்டது?

விலாசத்தில் ‘சாத்தூர், ராமநாதபுரம் ஜில்லா’ என்றிருக்கிறது. இது முதல் சாட்சி. சாத்தூர் முன்பு திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து சில பகுதிகளைப் பிரித்து 1910இல் ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். ஆகவே நம் உறை 1910க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. 1985இல் ராமநாதபுரம் மாவட்டம் பிரிந்தபோது சாத்தூர் இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பக்கம் வந்தது. ஆகவே 1985 மேல் எல்லை எனலாம். ஆனால் இந்த இரண்டு எல்லைகளும் சம வலுவுடையவை அல்ல. ஜில்லா பிறக்கும் முன்பே அதன் பெயரை யாரும் எழுத முடியாது. ஜில்லா மாறிய பிறகும் பழைய பெயரையே எழுதுகிறவர்கள் உண்டு; சாத்தூரில் இன்றும் சில பெரியவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள்! கீழ் எல்லை இரும்பு, மேல் எல்லை ரப்பர் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழம்பொருள் ஆராய்ச்சி முழுவதிலும் இது பயன்படும்.

இரண்டாவது சாட்சி தபால் தலை. ஐந்தாம் ஜார்ஜ் படமிட்ட, ஓர் அணா மூன்று பை மதிப்புள்ள, வெளிர் ஊதாத் தலை அது. தபால் கட்டணங்கள் 1931 டிசம்பரில் உயர்ந்தபோது சாதாரணக் கடிதத்தின் கட்டணம் ஓர் அணா மூன்று பை ஆயிற்று. அதற்குத் தோதாக இந்தத் தலை 1932இல் வெளியிடப்பட்டது. ஆகவே கீழ் எல்லை 1910இலிருந்து ஒரே தாவலில் 1932க்கு ஏறிவிட்டது. மன்னர் 1936 ஜனவரியில் இறந்துவிட்டாரே, அது மேல் எல்லை ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. மன்னர் இறந்தாலும் அவர் தலை தாங்கிய தபால் தலை செல்லுபடியாகும். வீட்டில் மிச்சமிருப்பதை மக்கள் ஒட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

மேல் எல்லையைத் தருவது ரங்கூன் முத்திரை. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. அங்கும் இந்தியத் தபால் தலைதான். 1937 ஏப்ரல் முதல் தேதி பர்மா தனியாகப் பிரிந்தது. அன்றிலிருந்து இந்தியத் தலைகளின் மேலேயே ‘பர்மா’ என்று கூடுதலாக அச்சிட்டு அங்கே விற்றார்கள். நம் உறையில் உள்ள தலையில் அந்த எழுத்து இல்லை. எனவே 1932 முதல் 1937 மார்ச்சு வரை என்று இடைவெளி சுருங்கிவிட்டது.

இப்பொழுது உள்ளே இருக்கும் கடிதத்தைப் பிரிப்போம். தலைப்பில் ‘ஸ்ரீமுக ௵ ஆவணி ௴ ௫ ௳’ என்று எழுதியிருக்கிறது. வியாபாரிகளின் பழைய கணக்கு நோட்டுகளில் இந்தக் குறிகளைப் பார்த்திருப்பீர்கள். ௵ என்பது வருஷம், ௴ என்பது மாதம், ௳ என்பது நாள். ௫ என்பது தமிழ் எண் 5. அஃதாவது ஸ்ரீமுக வருஷம் ஆவணி மாதம் 5ஆம் நாள்.

தமிழ் வருஷங்கள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. அறுபது முடிந்ததும் மறுபடி பிரபவ. கடிகாரத்தின் சின்ன முள்ளைப் போன்றது இது. முள் மூன்றைக் காட்டினால் மணி மூன்று என்று தெரியும். எந்த நாளின் மூன்று மணி என்று தெரியாது. இயற்பியலில் இதை அலைவுக் காலம் என்போம். இங்கே அலைவுக் காலம் 60 ஆண்டுகள். ஸ்ரீமுக வருஷம் 1873இல் பிறந்தது, 1933இல் பிறந்தது, 1993இலும் பிறந்தது. கடிதத்தை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இந்த மூன்றில் எது என்று சொல்ல வழியில்லை. நமக்கோ 1932க்கும் 1937க்கும் இடைப்பட்ட காலம் என்று உறையும் தலையும் சேர்ந்து சொல்லிவிட்டன. அதற்குள் ஒரே ஒரு ஸ்ரீமுகதான் அடங்கும். ஆவணி மாதம் ஆகஸ்டு நடுவில் பிறக்கிறது. எனவே கடிதம் எழுதப்பட்டது 1933 ஆகஸ்டு 20ஐ ஒட்டிய ஒரு நாள்!

தேதியே தெரியாத ஓர் உறைக்கு ஆண்டையும் மாதத்தையும், அநேகமாக நாளையும் கண்டுபிடித்துவிட்டோம். இதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. ஒன்பதாம் வகுப்புச் சமனின்மைகள் போதுமானவையாக இருந்தன. தலையை மட்டும் ஊறவைத்து எடுத்தவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்? ‘1932 அல்லது அதற்குப் பின்’ என்ற ஒரு வரி.

இன்னொரு பயனும் உண்டு. சாட்சிகள் பெருகப் பெருகப் பொய் சொல்வது கடினமாகிறது. பழைய உறைகளுக்கு நல்ல விலை உண்டு என்பதால் போலி உறை தயாரிப்போரும் உண்டு. மலிவான உண்மைத் தலையைப் பழைய உறை ஒன்றில் ஒட்டி, ரப்பர் முத்திரை ஒன்றைக் குத்தினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். கட்டணம், ஜில்லா, முத்திரை, தாள், மை எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகச் செய்வது அவ்வளவு சுலபமல்ல.

தாளையும் மையையும் பற்றிப் பேசும்போது இயற்பியல் வந்துவிடுகிறது. எங்கள் ஊர்க் காராச்சேவைக் காகிதத்தில் பொட்டலம் கட்டித் தருவார்கள். எண்ணெய் பட்ட இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தக் காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணெய்ப் புள்ளி பளிச்சென்று தெரியும். அதே காகிதத்தைக் கறுப்பு மேசையில் வைத்தால் அதே புள்ளி இருண்டு தெரியும். ஏன்?

காகிதம் என்பது செல்லுலோஸ் இழைகளும் அவற்றிடையே காற்றும். இழையின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றுக்கு 1. இந்த வேறுபாட்டால் ஒளி ஒவ்வோர் இழையின் பரப்பிலும் திரும்பியும் வளைந்தும் சிதறுகிறது. காகிதம் வெள்ளையாகத் தெரிவதன் காரணம் இந்தச் சிதறல். எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.47. அது காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் வேறுபாடு மிகக் குறைந்துவிடுகிறது, சிதறலும் குறைகிறது. ஒளி திரும்பி வராமல் ஊடுருவிப் போய்விடுகிறது. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் புள்ளி பிரகாசிக்கும். முன்னாலிருந்து வந்தால் இருளும். எண்ணெய்ப் புள்ளி ஒளிமானி என்று பழைய பாடப்புத்தகங்களில் ஒரு கருவி இருந்தது. அதன் தத்துவம் இதுவேதான்.

தபால் தலையின் நீர்க்குறியும் இதற்கு உறவு. ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் காந்தியடிகள் உருவம் தெரிகிறதல்லவா, அந்த வகைக் குறிதான். காகிதக் கூழ் ஈரமாக இருக்கும்போது கம்பியால் செய்த உருவத்தை அதன்மேல் அழுத்துவார்கள். அந்த இடத்தில் இழைகள் குறைந்து தாள் மெலிகிறது. 1865 முதல் இந்தியத் தலைகளில் யானைத் தலை நீர்க்குறி வந்தது. 1880களில் நட்சத்திரம் வந்தது. லண்டனில் டி லா ரூ கம்பெனி அச்சிட்ட காலத்தில் தலைக்கு ஒரு நட்சத்திரம். அச்சு வேலை நாசிக்குக்கு மாறிய பின் 1926 முதல் நெருக்கமாகப் பல நட்சத்திரங்கள். ஐந்தாம் ஜார்ஜின் பச்சை அரையணாவில் இரண்டு வகையும் உண்டு. முகப்பைப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். முதுகைப் பார்த்தால் லண்டனா நாசிக்கா என்று தெரிந்துவிடும்.

நீர்க்குறியைப் பார்க்கத் தலையைப் பெட்ரோல் வகைத் திரவத்தில் நனைக்கும் வழக்கம் உண்டு. பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அதன் ஆவியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே தனியாகக் கிடைத்த தலையைக் கவிழ்த்துவைத்து, சாய்ந்து விழும் வெளிச்சத்தில் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும். உறையில் உள்ள தலையை நீர்க்குறி பார்ப்பதற்காகப் பிரிப்பது, நாடி பார்ப்பதற்காகக் கையை வெட்டி எடுப்பது போன்றது. தண்ணீரும் எல்லாத் தலைக்கும் ஒத்துக்கொள்ளாது. முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டும் மோசடியைத் தடுக்க, நீர் பட்டால் கரையும் மையிலேயே சில பழைய தலைகளை அச்சிட்டார்கள்.

கள்ள நோட்டைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கு இன்னொரு நல்ல கருவி. தாளை வெண்மையாகக் காட்டுவதற்காகச் சேர்க்கும் ஒளிரும் வேதிப்பொருள்கள் பரவலாக வந்தது 1950ஐ ஒட்டித்தான். 1933ஆம் ஆண்டு உறை அந்த விளக்கின் கீழ் நீலவெண்மையாக ஜொலித்தால், விற்பவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். விளக்கை நேராகப் பார்க்காதீர்கள்.

எழுத்தையும் உருப்பெருக்கும் கண்ணாடியால் பாருங்கள். சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பெயர்பெற்ற ஊர். நிப்பின் முனை பிளவுபட்டது. அழுத்தி எழுதும்போது விரிந்து, கோட்டின் இரு ஓரங்களிலும் மையைக் கூடுதலாக விட்டுச் செல்லும். பந்துமுனைப் பேனாவோ தாளில் ஒற்றைப் பள்ளம் பறிக்கும். பந்துமுனைப் பேனாவுக்கு லாஸ்லோ பீரோ காப்புரிமை பெற்றது 1938இல். ஆகவே அந்தப் பேனாவால் விலாசம் எழுதிய 1933ஆம் ஆண்டு உறை இருக்க முடியாது.

இதற்கெல்லாம் மேலான கருவி ஒன்று உண்டு. 1928இல் சர் சி. வி. ராமன் கண்டறிந்த விளைவை வைத்து, தலையைத் தொடாமலே அதன் மையில் என்ன நிறமி இருக்கிறது என்று சொல்லிவிட முடியும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாய், மொரீஷியஸ் தீவுகளின் அரிய தலைகளையும் அவற்றின் போலிகளையும் இம்முறையில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. தபால் அட்டை 1879இல் அறிமுகமானபோது அதன் விலை கால் அணா. 1922 ஏப்ரலில் அரையணா ஆயிற்று. 1931இல் முக்கால் அணா. அட்டையில் தலை அச்சிட்டே வரும். உங்களிடம் உள்ள அட்டையில் ஐந்தாம் ஜார்ஜ் படத்துடன் கால் அணா அச்சிட்டிருக்கிறது. பக்கத்தில் இன்னொரு கால் அணாத் தலையை ஒட்டியிருக்கிறார்கள். எழுதியவர் ஊர் ‘விருதுபட்டி’. அது 1923 அக்டோபரில் விருதுநகர் என்று பெயர் மாறியது. மேலே ‘துந்துபி ௵ தை ௴’ என்றிருக்கிறது. பிரபவ வருஷம் 1927 ஏப்ரலில் பிறந்தது. துந்துபி வரிசையில் ஐம்பத்தாறாவது. அட்டை எழுதப்பட்டது எந்த ஆண்டு? ஒட்டுத்தலை ஏன் தேவைப்பட்டது? 1922 என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். தை மாதம் எப்போது பிறக்கிறது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.