வாசல் மட்டும் நின்ற கோட்டை

ஜாசின், அலோர் காஜா பக்கத்திலிருந்து பிள்ளைகளோடு மலாக்கா பட்டணத்துக்குப் போகிறவர்கள், செயின்ட் பால் குன்றின் அடிவாரத்துக் கல் வாசலில் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. "இதுதான் போர்த்துகீசியர் கோட்டை" என்று பிள்ளைகளிடம் சொல்லியும் வைக்கிறோம். தே தாரிக் ஆறுவதற்குள் இதை நாம் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம்.

அது கோட்டை இல்லை. கோட்டைக்கு இருந்த நான்கு வாசல்களில் ஒன்று. பெயர் போர்தா டி சந்தியாகோ. 1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கே மலாக்காவைப் பிடித்ததும், சுல்தான் காலத்துப் பள்ளிவாசல் கற்களையும் கல்லறைக் கற்களையும் பெயர்த்தெடுத்துக் கோட்டை எழுப்பினார். பின்னர் மதில் வளர்ந்து குன்றையே சுற்றிக்கொண்டது. தேவாலயங்கள், மருத்துவமனை, ஆளுநர் மாளிகை என்று உள்ளே ஓர் ஊரே இருந்தது. வீடு போய் நிலைவாசல் மட்டும் மிஞ்சிய கதைதான் இன்று நாம் பார்ப்பது.

சரி, அந்த வாசலாவது முழுக்கப் போர்த்துகீசியருடையதா? அண்ணாந்து பாருங்கள், 1670 என்று பொறித்திருக்கும். போர்த்துகீசியரோ 1641லேயே டச்சுக்காரரிடம் ஊரை இழந்துவிட்டார்கள். வாசலைப் புதுப்பித்து, ஆண்டையும் தங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னத்தையும் பதித்தவர்கள் டச்சுக்காரர்களே. பலரும் இதைக் கவனிக்காமல் கீழே நின்று சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

மற்ற மதிலெல்லாம் எங்கே? சண்டையில் இடிந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் அதை இடித்தவர்கள் ஆங்கிலேயர்கள், அதுவும் ஊர் அவர்கள் கையில் இருந்தபோதே. பிரெஞ்சுப் படை டச்சுக்காரரின் ஹாலந்துக்குள் புகுந்ததால் 1795இல் மலாக்கா தற்காலிகமாக ஆங்கிலேயரிடம் வந்தது. என்றைக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டிய ஊர்; அவர்களுக்குச் சொந்தமாகப் பினாங்கு இருந்தது. பலமான கோட்டையோடு மலாக்காவைத் திருப்பிக் கொடுத்தால், நாளை அதுவே பினாங்குக்குப் போட்டியாகும். 1807இல் இடிப்பு தொடங்கியது. ஆட்களை விட்டு உடைத்துப் பார்த்தார்கள், மதில் அசையவில்லை. பிறகு வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள்.

அதைப் பார்த்த சிறுவன் ஒருவன் வளர்ந்தபின் மலாயில் எழுதி வைத்தான். அவர்தான் முன்ஷி அப்துல்லா. சிறுவயதில் தமிழும் படித்தவர். மலாக்கா வணிகர்களின் கணக்கு வழக்குக்கு அப்போது தமிழ் தேவைப்பட்டது! ஒரு வாசல் மட்டும் தப்பியதற்கு, 1808இல் இங்கே வந்த ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸைக் காரணமாகச் சொல்வார்கள்.

இன்னொன்று. வாசலுக்கு எதிரே இன்று கடைவளாகங்கள் நிற்கும் நிலம் கடலைத் தூர்த்து எடுத்தது. முன்பு அலை கோட்டைக்குப் பக்கத்திலேயே அடித்தது. பீரங்கிகள் ஏன் இந்தப் பக்கம் பார்த்து நின்றன என்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும்.

அங்கிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தால் மிடல்பர்க் கொத்தளம் வரும். கொத்தளம் என்றால் மதில் மூலையில் பீரங்கி நிறுத்தத் துருத்திக் கட்டிய மேடை. 2006இல் சுழல்கோபுரம் கட்டத் தோண்டியபோது இதன் அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தைப் பண்டார் ஹிலிரில் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, கொத்தளத்தை மீண்டும் எழுப்பினார்கள். வாசலையும் இதையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே நடக்கும்போது கோட்டை எவ்வளவு பெரியது என்பது காலுக்கே தெரிந்துவிடும்.