நகராது என்று நினைப்பதையும் அளக்க வேண்டும்

"துப்பாக்கி சுடும் போட்டிக்குக் கூர்மையான கண்ணும் நடுங்காத கையும் இருந்தால் போதும்!" காலை நிகழ்ச்சியில் இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த பாடலைப் போட்டேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் களமிறங்கிய நம் நாட்டு வீராங்கனை நூர் சூர்யானி தைபியைப் பற்றிய பகுதி அது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "கண்ணு சரி, கை சரி. கருவி வளைஞ்சா என்ன பண்ணுவ?"

அப்பா பினாங்கில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஊடகத் துறையில் பட்டம் வாங்கி, ஊரில் உள்ளவர்களை எல்லாம் பேட்டி எடுக்கும் நான், அவருடைய வேலையைப் பற்றி ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை.

கேள்வி உறுத்தவே, அமெரிக்காவில் நடக்கும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். ரைஃபிளை மேசை மேல் மணல் பைகளில் தாங்க வைத்து, காகித இலக்கில் ஐந்து முறை சுடுவார்கள். துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதுதான் கணக்கு. கை நடுக்கம் பெரும்பாலும் விலகிவிடுவதால், கருவியின் குறை வெளியே வந்துவிடும். அதனால் அங்குள்ள ஆர்வலர்கள் ரைஃபிளின் 'ரிசீவர்' எவ்வளவு விறைப்பானது, ஸ்கோப்பைத் தாங்கும் 'பேஸ்' எவ்வளவு விறைப்பானது என்றெல்லாம் அளந்து பார்க்கிறார்கள். பாதி புரியவில்லை. அப்பாவிடமே கொண்டுபோனேன்.

"குழல், போல்ட், ஸ்கோப் மூணும் சேர்ற எடம்தான் ரிசீவர். காலித் தோட்டா வெளிய வர பக்கத்துல ஒரு வெட்டு, மெகசினுக்குக் கீழ ஒரு வெட்டு. வெட்ட வெட்ட விறைப்பு கொறையும்" என்றார். ஒற்றைத் தோட்டா போடும் போட்டி ரைஃபிள்களில் அடிப்பாகத்தை வெட்டாமல் விடுவதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றம். எங்களிடம் இருந்தது ஒரு ஸ்டீல் ரூலரும், பழைய மைலோ டின்னில் அப்பா பத்திரப்படுத்தியிருந்த டயல் கேஜும்தான். ரூலரின் ஒரு முனையை மேசையோரத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கினார். மறுமுனையில் 20 சென் நாணயங்கள் நிறைந்த பையைத் தொங்கவிட்டார். முள் நகர்ந்தது. வெளியே நீட்டிய நீளத்தை இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. தடிமனை இரட்டித்தால் வளைவு எட்டில் ஒரு பங்கு.

அலுமினியத்தின் விறைப்பு எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அலுமினியப் பட்டையை ஒன்றரை மடங்கு தடிமனாக்கினால் எஃகுப் பட்டையின் விறைப்பை எட்டிவிடும். எடையோ பாதிதான்.

"இந்த நூலிழை வளைவெல்லாம் ஒரு விஷயமாப்பா?" என்றேன். பேனாவை எடுத்தார். ஸ்கோப்பின் இரண்டு தாங்கிகளுக்கும் இடையே 100 மில்லிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாங்கி 0.03 மில்லிமீட்டர் நகர்ந்தால், 100 மீட்டர் தூரத்தில் குறி 3 சென்டிமீட்டர் விலகும். 0.03 மில்லிமீட்டர் என்பது சாதாரணத் தாளின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

பிறகு டயல் கேஜை ரூலரிலிருந்து எடுத்து, கிளாம்ப்புக்குப் பக்கத்தில் மேசை மேலேயே வைத்தார். மறுபடி பையைத் தொங்கவிட்டார். முள் நான்கு கோடு நகர்ந்தது. எங்கள் வீட்டு மேசையும் வளைகிறது!

"நகராதுன்னு நெனைக்கிறதையும் அளக்கணும்மா. இல்லேன்னா மேசையோட குத்தத்த ரூலர் மேல போட்டுடுவோம்." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். "நான் போட்டிருக்கேன்."

பல வருடங்களுக்கு முன் ஒரு மெஷினில் வந்த பாகங்கள் எல்லாம் அளவு தவறின. அதில் வேலை பார்த்த பையன் கவனமில்லாதவன் என்று அறிக்கை போனது. கையெழுத்துப் போட்டவர் அப்பா. மூன்று வாரம் கழித்து, பாகத்தைப் பிடித்திருந்த ஃபிக்ஸ்சரே லேசாக நகர்கிறது என்று கண்டுபிடித்தார். அதற்குள் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். எங்கே போனான் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து எதை அளந்தாலும், அது நிற்கும் இடத்தில் இன்னொரு கேஜ் வைப்பது அப்பாவின் வழக்கமானது.

கடைசியாகப் பையைக் கழற்றினார். "முள்ளு பூச்சியத்துக்குத் திரும்புதா பாரு. திரும்பினா வெறும் வளைவு. திரும்பலேன்னா எங்கயோ திருகு வழுக்கிடுச்சின்னு அர்த்தம்." முள் பூச்சியத்துக்குத் திரும்பியது.

அடுத்த வாரம் நிகழ்ச்சியில் நான் சொன்னதைத் திருத்திக்கொண்டேன். கண், கை, அதோடு வளையாத கருவியும் வேண்டும் என்றேன். பையனின் கதையை அங்கே சொல்லவில்லை. அப்பாவிடம் அனுமதி கேட்ட பிறகே இங்கு எழுதுகிறேன்.

"எழுது. அவன் கண்ணுல பட்டாலும் படலாம்" என்றார்.