ஓட்டை ரொட்டியும் உளுந்து வடையும்

மாணவர்களே, வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும் பலகாரம் எது என்று கேட்டால், உளுந்து வடை என்று உடனே சொல்வீர்கள். அதே வடிவில் ஒரு ரொட்டியும் உண்டு. பேகல் என்பது அதன் பெயர். போலந்து நாட்டு யூதர்களிடமிருந்து அமெரிக்கா சென்று, பிறகு உலகெங்கும் பரவிய ரொட்டி அது. இப்போது நம் ஊர்க் கஃபேக்களிலும் தலைகாட்டுகிறது. அதில் ‘குளூட்டன் இல்லாத’ ஒன்று வேண்டும் என்று தேடுவோர் பலர். கிடைத்ததைத் தின்று திருப்தி அடைந்தவர்கள் சிலரே. காரணம் என்ன?

முதலில் ஒரு சோதனை. கோதுமை மாவில் ஓர் உருண்டையும், அரிசி மாவில் ஓர் உருண்டையும் பிசைந்துகொள்ளுங்கள். கோதுமை உருண்டையைப் பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு இரண்டையும் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகக் கசக்குங்கள். அரிசி உருண்டை கரைந்துபோகும். கோதுமை உருண்டையிலிருந்து வெள்ளையாக மாவுச்சத்து வெளியேறிய பிறகு, கையில் பழுப்பு நிறத்தில் ஒன்று மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுதான் குளூட்டன். இத்தாலியைச் சேர்ந்த பெக்காரி என்பவர் இதே முறையில் அதைப் பிரித்தெடுத்த விவரம் 1745இல் அச்சாகியது.

கையில் உள்ளதைப் பார்த்தால் ரப்பர் நினைவுக்கு வருகிறதா? தவறில்லை. உங்கள் தாத்தாவோ பாட்டியோ பேராக் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் என்றால், மங்கில் உறைந்து கிடக்கும் பாலைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ரப்பர் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் கூட்டம். அதோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், சங்கிலிகளுக்கு நடுவே கந்தகப் பாலங்கள் உண்டாகி ரப்பர் உறுதியாகிறது. 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டது இதைத்தான். கோதுமையில் குளூட்டனின், கிளையடின் என இரு வகைப் புரதங்கள் உள்ளன. தண்ணீர் ஊற்றிப் பிசையும்போது இவை சேர்ந்து வலையாகின்றன. குளூட்டனின் சங்கிலிகளைப் பிணைப்பதும் கந்தகப் பாலங்களே! ரப்பர் ஒரு பொருள், குளூட்டன் வேறொரு பொருள். ஆனால் இழுபடும் தந்திரம் கிட்டத்தட்ட ஒன்று.

ஈஸ்ட் வெளியிடும் வாயு இந்த வலைக்குள் சிக்கிக்கொள்வதால்தான் ரொட்டி உப்புகிறது. ரொட்டி சானாய் போடுபவர் மாவைத் துணிபோல வீசி விரிப்பதும் இதன் தயவால்தான். பேகலுக்கு இந்த வலை மற்ற ரொட்டிகளைவிட அதிகமாகவே தேவை. அதை முதலில் கொதிநீரில் போட்டு எடுத்து, பிறகுதான் அடுப்பில் சுடுகிறார்கள். கொதிநீரில் வெளிப்புற மாவுச்சத்து வெந்து பசையாகி மூடிக்கொள்கிறது. பளபளப்பும் மெல்லுவதற்கு அழுத்தமும் அதனால் வருகின்றன. வலை இல்லாத மாவை அப்படிக் கொதிநீரில் போட்டால் உதிர்ந்துவிடும். அதனால் இசப்கோல் உமி, சாந்தன் பிசின், மரவள்ளி மாவு என எதையெதையோ சேர்த்து ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள். பாதி வெற்றிதான்.

இவ்வளவு பாடு யாருக்காக? சீலியாக் நோய் உள்ளவர்களுக்காக. அவர்கள் குளூட்டனைச் சாப்பிட்டால், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலின் உறிஞ்சிகளையே தாக்குகிறது. உறிஞ்சிகள் தேய்ந்துபோனால் சாப்பிட்ட சத்து உடலில் சேராது. வயிற்று உப்புசம், பேதி, இரத்தசோகை, வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமை என்று பல வடிவங்களில் அது வெளிப்படும். உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு. பலருக்குத் தெரிவதே இல்லை. “கேஸ்டிரிக்” என்று மாத்திரை போட்டுக்கொண்டே வருடங்களை ஓட்டுகிறார்கள். சந்தேகம் இருந்தால் முதலில் மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் பரிசோதனை ‘இல்லை’ என்று சொல்லிவிடலாம்.

கோதுமைதான் குற்றவாளி என்பதை உறுதிசெய்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1930களிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாட, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்தது, நோயும் திரும்பி வந்தது. 1950இல் தம் ஆய்வை அவர் வெளியிட்டார். அதே போர்க்காலத்தில் நம் தோட்டங்களில் அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அன்று வேறு வழியின்றித் தின்ற கிழங்கின் மாவுதான் இன்று விலை உயர்ந்த ‘குளூட்டன் இல்லாத’ ரொட்டிப் பாக்கெட்டுகளில் இருக்கிறது. பாட்டிகள் கேட்டால் சிரிப்பார்கள்!

சரி, வடைக்கு வருவோம். உளுந்தில் குளூட்டன் கிடையாது. ஆனாலும் அரைத்த மாவைக் கையால் அடித்தால் காற்று உள்ளே தங்குகிறது. சிறு துளியைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பதம் சரி என்கிறார்களே, அது அடர்த்திச் சோதனை. உளுந்தின் புரதமும் வழவழப்பான பசைப் பொருளும் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைக்கின்றன. இட்லியில் லியூக்கோனொஸ்டாக் என்ற பாக்டீரியா வாயுவை உண்டாக்க, அதை அடைத்து வைப்பதும் உளுந்துதான். ஓட்டை ரொட்டிக்காக உலகம் தேடும் வேலையாளை நாம் எப்போதோ ஆட்டுக்கல்லில் போட்டு அரைத்துவிட்டோம்.

அதற்காகச் சீலியாக் நோயுள்ள நண்பரை ஈப்போ லிட்டல் இந்தியாவுக்கு அழைத்துச் சென்று எதையும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ரவா தோசையில் இருப்பது கோதுமை ரவை. கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அது சாம்பாரில் விழுகிறது. குவே தியாவ் அரிசியில் செய்தது என்றாலும், அதில் ஊற்றும் கிச்சாப் சோயாவோடு கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்தது. மைலோவில் பார்லி மால்ட் உண்டு. பார்லியும் அவர்களுக்கு ஆகாது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று எழுத அனைத்துலக உணவு விதி அனுமதிக்கும் அளவு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் மட்டுமே. எனவே தோசை கேட்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: “அண்ணே, இந்தக் கல்லில்தான் ரொட்டி சானாயும் போடுறீங்களா?”