ஓடுகளத்தில் உங்கள் பிள்ளை மட்டும் இல்லை

பள்ளி விளையாட்டு விழாவில் பிள்ளை ஓடுவதைச் செல்போனில் எடுக்காத பெற்றோர் இன்று அபூர்வம். நினைவுக்காக எடுப்பதில் தவறில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் தன் சொந்த, குடும்பத் தேவைக்குக் கையாளும் தரவில் தலையிடுவதில்லை. ஆனால் பள்ளி வளாகம் பொதுச்சாலை அல்ல. ‘வீடியோ வேண்டாம்’ என்று தலைமையாசிரியர் சொன்னால் போனைப் பைக்குள் வைத்துவிட வேண்டியதுதான்.

சிக்கல் அன்று மாலை, அதே வீடியோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏறும்போது தொடங்குகிறது. உங்கள் மகளோடு இன்னும் ஏழு பிள்ளைகள் ஓடுகிறார்கள். பனியனில் பள்ளியின் பெயர். மைக்கில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு. அந்த ஏழு பேரில் ஒருத்தி, அடித்துத் துன்புறுத்திய அப்பாவிடமிருந்து தப்பி அம்மாவோடு ஊர் மாறி வந்தவளாக இருக்கலாம். எந்தப் பள்ளி என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அந்த அம்மா இருப்பார். உங்களிடம் வந்து சொல்லவா போகிறார்? அடுத்தவர் பிள்ளை தெரியும் காட்சியை, அவர்களைக் கேட்காமல் பொதுவில் போடக் கூடாது என்பது இதனால்தான். தாத்தா பாட்டிக்குத் தனியாக அனுப்பலாம். யூடியூபில்தான் வைக்க வேண்டுமென்றால் ‘பிரைவேட்’ என்று வையுங்கள். விழாவில் ஒலித்த சினிமாப் பாட்டுக்கும் இதே கதைதான்: மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் கூடும் பள்ளி நிகழ்ச்சிக்குக் காப்புரிமைச் சட்டம் விலக்குத் தருகிறது, அதை இணையத்தில் ஏற்றினால் அந்த விலக்கு துணைக்கு வராது.

பெற்றோரை விடப் பள்ளிகள் இன்னும் தாராளம். அட்மிஷன் விளம்பரத்துக்கு ஆண்டு விழா நடனத்தை அப்படியே போட்டுவிடுகிறார்கள். 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாள, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது அதே 2023 சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ‘என் பிள்ளையின் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று இன்றே எழுதிக் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கி வையுங்கள்.

யாராவது பதிவிட்டுவிட்டால் முதலில் அவரிடமே நீக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சங்கடப்பட்டு நீக்கிவிடுவார்கள். மறுத்தால் பள்ளியிடமும், அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

முகத்தை வெட்டி ஒட்டியோ ஏஐ செயலியிலோ ஆபாசமாக மாற்றியிருந்தால் சமாதானப் பேச்சுக்கே இடமில்லை. அது போக்சோ சட்டமும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் பாயும் குற்றம். 67பி-யில் முதல் முறையே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ, 1930 என்ற எண்ணிலோ, பக்கத்துக் காவல் நிலையத்திலோ உடனே புகார் செய்யுங்கள். குழந்தைக்கு உதவி தேவைப்பட்டால் 1098. இணைப்பு முகவரி, கணக்கின் பெயர், பார்த்த நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘இதைப் பாருங்கள், ஜாக்கிரதை’ என்று வகுப்புப் பெற்றோர் குழுவில் அந்த வீடியோவை மட்டும் போட்டுவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் அனுப்பினாலும் அதுவும் பரப்புவதுதான். அதே 67பி உங்கள் மீதும் பாயலாம்.