மலையிலிருந்து கேக் தேடிப் போன கதை

மார்கழிப் பனி சேர்வராயன் மலைமீது இறங்கத் தொடங்கியதும் ஏற்காட்டுக் குடும்பங்கள் நம்மிடம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “சாமி, இந்த வருஷம் கேக் எங்கே வாங்குறது?” நள்ளிரவுத் திருப்பலி எத்தனை மணிக்கு என்ற கேள்வியைவிட இது ஒரு படி முந்தியே வந்துவிடுகிறது. நாமும் கேக் பிரியர்தாம் என்பதால் எவரையும் கடிந்துகொள்ளும் தகுதி நமக்கில்லை.

ஆயினும் சென்ற ஆண்டு நாம் சென்னைக்குக் கேக் தேடிச் சென்றதற்குக் காரணம் நம் நாவன்று, ஒரு முதியவர். எண்பது வயதைக் கடந்தவர். காப்பித் தோட்டத்துப் பங்களா ஒன்றின் அடுக்களையில் நாற்பது ஆண்டுகள் சமையற்காரராய் இருந்தவர். அந்தப் பங்களாவின் பின்கட்டில் செங்கல்லால் கட்டிய பழைய ரொட்டி அடுப்பு ஒன்று இருக்கிறது. இம்மலையின் பல வீடுகளுக்குப் பல ஆண்டுகள் கேக் வெந்தது அதில்தான். தோட்டத்தின் புதிய உரிமையாளர் பின்கட்டை இடிக்கப் போவதாகவும், அடுப்பை நடத்த ஆள் உண்டென்றால் விட்டு வைப்பதாகவும் சொல்லியிருந்தார். பெரியவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. தொழில் கற்ற பேரனோ சென்னையில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். அவனை அழைப்பதா, வேண்டாமா? “பட்டணத்திலே நல்லா இருக்கிறவனை மலைக்கு இழுத்து வந்து கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம், சாமி. அவன் கை எப்படியிருக்குன்னு மட்டும் தெரியணும்” என்றார்.

இம்மலைக்குக் கேக் எப்படி வந்தது என்பது தனிக் கதை. 1820ஆம் ஆண்டையொட்டிச் சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். காப்பியின் பின்னே தோட்டத் துரைமார் வந்தனர். அவர்கள் பின்னே துரைசானிகளின் சமையற் குறிப்புகள் வந்தன. 1894இல் திரு இருதய கன்னியர் மடத்துப் பள்ளியும், 1917இல் மான்போர்ட் பள்ளியும் எழுந்தபின், விடுதிப் பிள்ளைகளுக்கு ரொட்டி என்பது அன்றாடத் தேவையாயிற்று. குறிப்பு துரைசானியுடையதாயினும், கை நம்மவர் கையாகவே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர், காதால் கேட்டும் கண்ணால் கண்டும் கற்ற கலை அது.

நம் நாட்டுக் கிறிஸ்துமஸ் கேக்குக்கு வழிவழியாய்ச் சொல்லப்படும் பிறப்புக் கதையும் இத்தகையதே. 1883இல் தலைச்சேரியில் பிஸ்கட் கடை நடத்திய மாம்பள்ளி பாப்பு என்பவரிடம், அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்து முர்டாக் பிரவுன் என்ற ஆங்கிலேயர் ஒரு கேக் துண்டைக் காட்டி, “இதுபோல் செய்ய இயலுமா?” என்று கேட்டாராம். பாப்பு உள்ளூர்ப் பழங்களையும், பிரான்சு நாட்டுப் பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ச் சாராயத்தையும் சேர்த்துச் செய்து கொடுத்தார். துரை மெச்சினார் என்பது கதை.

திருச்சபை வரலாற்றிலும் கேக்குக்கு ஓர் இடமுண்டு என்றால் நம் வாசகர்கள் நகைக்கக் கூடும். அக்காலத்தில் திருவருகைக் காலம் கடும் ஒறுத்தலின் காலம், வெண்ணெய் விலக்கப்பட்டிருந்தது. ஜெர்மனியின் சாக்சனி நாட்டார் எண்ணெயிட்டுச் செய்த கிறிஸ்துமஸ் ரொட்டி விழுங்க முடியாததாய் இருக்கவே, உரோமைக்கு மனுமேல் மனு அனுப்பினர். 1491இல் பாப்பரசர் எட்டாம் இன்னொசென்ட் அனுமதி வழங்கினார். அம்மடலுக்கு ‘வெண்ணெய் மடல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வெண்ணெய் உண்போர் அதற்கு ஈடாக ஆலயத் திருப்பணிக்குக் காணிக்கை செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. நம் பங்கு நிதிக்குழுவினர் இதைக் கவனத்திற் கொள்ள வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம்.

சென்னையில் நம் குருமடத் தோழர் ஒருவர் உடன் வந்தார். வேப்பேரிப் பக்கம் முதலிற் சென்றோம். பெரம்பூர் பாரக்ஸ் சாலையில் உள்ள ஸ்மித் பீல்டு பேக்கரி 1885இல் தொடங்கப்பட்டது. பெயர் ஆங்கிலமாயினும் அதைத் தொடங்கியவர் தமிழகத்து நாயுடு ஒருவர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்த பகுதி அது. அடுத்து 1903 முதல் நடந்துவரும் மெக்ரெனட். ஒவ்வொன்றிலும் பிளம் கேக் ஒன்று வாங்கிக்கொண்டோம். பிளம் கேக்கில் பிளம் பழம் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சைக்கே ‘பிளம்’ என்ற பெயர் வழங்கிற்று. பெயர் நின்றுவிட்டது, பொருள் திராட்சைதான்.

தோழர் புதுச்சேரிக்காரர். ஆகவே, ரவையும் வெண்ணெயும் முட்டையும், ரம்மில் ஊறிய பழங்களும் சேர்த்து அவ்வூர்க் குடும்பங்கள் செய்யும் ‘விவிக்கம்’ கேக்குக்கு ஈடில்லை என்று வழியெல்லாம் வாதித்தார். தூத்துக்குடி மக்ரூனை நாம் எடுத்துக்காட்டினோம்: முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு, இம்மூன்றே, மைதாவே இல்லை, காற்றை உண்பதுபோற் கரையும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியும் வழக்கில் நுழைந்தது. தீர்ப்பு ஏதும் எட்டப்படவில்லை.

இறுதியாக, பேரன் வேலை செய்யும் கடை. சிறிய கடை, பெயர் வேண்டாம். பின்புறம் வெப்பம் தாங்கவில்லை. பையன் மாவு படிந்த கையோடு வந்து, “தாத்தா எப்படி இருக்காங்க, சாமி?” என்று கேட்டான். அவன் கையால் செய்த கேக் ஒன்றைத் தனியே வாங்கினோம். அடுப்பு பற்றிய செய்தியை நாம் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று சேலம் வரும்வரை இரயிலில் யோசித்தோம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மூன்று பொட்டலங்களும் உடையாமல் வந்து சேர்ந்தன. எது எங்கே வாங்கியது என்று பெரியவரிடம் சொல்லாமல் மூன்று தட்டுகளில் வைத்தோம்.

அவர் உடனே உண்ணவில்லை. ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்து எடை பார்த்தார். முகர்ந்தார். விரலால் அழுத்திவிட்டு, அது மீண்டும் எழுகிறதா என்று தடவினார். திராட்சை அடியில் தங்கிவிட்டதா, மேலிருந்து கீழ்வரை பரவியிருக்கிறதா என்று நகத்தால் பார்த்தார். பிறகே வாயில் இட்டார். நல்ல வெண்ணெய் நம் உடல் வெப்பத்திற்கும் குறைந்த வெப்பத்திலேயே உருகுவதால் நாவில் தானே கரைந்துவிடும். மலிவான கொழுப்புகள் பல அவ்வாறு உருகாமல் மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டிக்கொள்ளும். அறிவியல் நூலில் நாம் படித்த இச்செய்தியை அவர் “அண்ணத்திலே பிடிக்குதா பாரு” என்ற ஒரே சொற்றொடரில் வைத்திருந்தார்.

முதலிரண்டையும், “பழைய கை, பதட்டம் இல்லாத கை” என்று புகழ்ந்தார். மூன்றாவதை நெடுநேரம் மென்றார்.

“பழம் நல்லா ஊறியிருக்கு. சர்க்கரையைச் சரியான பதத்திலே கருக்கியிருக்கான். வெண்ணெயிலே கஞ்சத்தனம் இல்லை. ஆனா சோடா ஒரு சிட்டிகை கூடிப்போச்சு. கண்ணறை பெருசாயிருக்கு பாருங்க. கீழ்நாட்டிலே இது தாங்கும். நம்ம மலையிலே இந்த அளவு போட்டா நடுவிலே குழிஞ்சு போயிடும், சாமி.”

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோடாவிலிருந்து எழும் வாயு, அழுத்தம் குறைவாதலால் விரைந்து விரிகிறது. மாவு வெந்து உறுதிப்படுமுன் கேக் மளமளவென்று எழும்பி, பிறகு தாங்கமாட்டாமல் அமிழ்கிறது. ஆகவே மலைவாழ் இல்லத்தரசியர் சமவெளிக் குறிப்பைப் பார்த்துச் செய்யும்போது சோடாவிலும் பேக்கிங் பவுடரிலும் கால் பங்கு குறைக்க வேண்டும். சர்க்கரையைச் சற்றே குறைத்து, பாலோ தண்ணீரோ இரண்டு கரண்டி கூட்ட வேண்டும். அடுப்பின் சூட்டையும் சிறிது ஏற்ற வேண்டும். கேக் குழிந்துவிட்டதென்று மைதாவையும் மாமியாரையும் குறை சொல்வோர் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

மூன்றாவது கேக் யாருடையது என்று நாம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கையிலிருந்த தூளைத் தட்டில் உதறிவிட்டு, “சிட்டிகைதானே. சொன்னாப் பிடிச்சுக்குவான்” என்றார். சற்றுப் பொறுத்து, “வரச் சொல்லுங்க, சாமி. அடுப்பு இருக்கிற செய்தியையும் சொல்லிடுங்க. முடிவு அவனுடையது” என்றார்.

அன்றிரவே பையனுக்குத் தொலைபேசியில் சொன்னோம். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வேலை முடியாமல் கடையில் விடுப்புத் தரமாட்டார்கள், திருக்காட்சிப் பெருவிழா கழித்து வந்து அடுப்பைப் பார்க்கிறேன் என்றான். நிலையாய் வருவதாக அவன் சொல்லவில்லை. உரிமையாளரிடம் சென்று சனவரி முடியும்வரை பொறுக்குமாறு கேட்டோம், இசைந்தார்.

மறுநாட் காலைத் திருப்பலிக்குப் பின் அவ்வழியே சென்றபோது, பெரியவர் பின்கட்டில் அமர்ந்து, பிடுங்கிப் போட்ட பழைய காப்பிக் கட்டைகளைத் தடவித் தடவிக் காய்ந்தது வேறு, ஈரம் வேறாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.