வேர் சிகிச்சை செய்த பல்லில் ஈறு வீங்கினால்



"ரூட் கெனால் பண்ணி அவ்வளவு காசு செலவழிச்சேன். இப்ப அதே பல்லுகிட்ட ஈறு வீங்கி நிக்குது. டாக்டர் ஏமாத்திட்டாரா?" குழுக் கூட்டம் முடிந்து நோட்டை மூடுகிற நேரத்தில் இப்படி ஒரு பேச்சு எழுவதுண்டு. டாக்டரைத் திட்டுவதற்கு முன்னால் அந்தப் பல்லுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்து கொள்வோம்.

பல் வெளியில் பார்க்கத்தான் கல் மாதிரி. நடுவில் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த மெல்லிய சதை இருக்கும். அந்த அறையிலிருந்து வேர் நுனி வரை நூல் நுழைகிற அளவுக்குத் துவாரங்கள் போகின்றன. கடைவாய்ப் பல் என்றால் மூன்று, நான்கு துவாரங்கள்கூட இருக்கும். சொத்தை அந்த அறை வரைக்கும் போய்விட்டால் சதை அழுகி, கிருமி வேர் வழியாகத் தாடை எலும்புக்கு இறங்கி விடும். வேர் சிகிச்சையில் அழுகிய சதையை எடுத்து, துவாரத்தை மருந்துத் தண்ணீரால் கழுவி, ரப்பர் போன்ற ஒரு பொருளை வைத்து அடைக்கிறார்கள். பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றுகிற வழி இது.

சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று நாளைக்குக் கடித்தால் வலிப்பதும், ஊசி போட்ட இடத்தில் ஈறு லேசாக வீங்குவதும் சகஜம்தான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்து, எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டால் போதும். ஆனால் நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் ஏறினாலோ, நன்றாக ஆகி சில மாதம் கழித்து மறுபடி வீங்கினாலோ டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். முதல் தடவை போய் வந்த மறுநாளே கன்னம் வீங்குவதும் சிலருக்கு உண்டு. அதற்குப் பயந்து வைத்தியத்தை விட்டுவிடாமல் அதே டாக்டரிடம் போங்கள்.

இனி நம் பெண்கள் விஷயத்திற்கு வருவோம். வேர் சிகிச்சை பெரும்பாலும் ஒரே நாளில் முடியாது. இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். முதல் தடவையிலேயே பெரும்பாலும் வலி அடங்கி விடும். அப்புறம் யார் போகிறார்கள்? பஸ் செலவு, ஒரு நாள் கூலி போகும், மாட்டுக்குப் புல் அறுக்கணும், பிள்ளைக்குப் பரீட்சை. "வலிதான் இல்லையே" என்று இருந்து விடுகிறோம். பல்லின் மேல் அப்போது இருப்பது தற்காலிக சிமெண்ட். அது சில வாரத்தில் தேய்ந்தோ உடைந்தோ போகும். எச்சிலும் சோற்றுப் பருக்கையும் உள்ளே இறங்கும். சுத்தம் செய்த துவாரத்தில் மறுபடியும் கிருமி குடியேறும்.

கேப் போடாமல் விடுவதும் அப்படித்தான். சொத்தையும் துளையும் சேர்ந்து கடைவாய்ப் பல்லில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். முறுக்கு, பட்டாணி என்று ஏதாவது ஒரு நாள் கடிக்கையில் விரிசல் விடும். விரிசல் வழியாகக் கிருமி போகும். வேர் வரை பிளந்து விட்டால் பிடுங்குவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. சில சமயம் டாக்டர் கண்ணுக்குத் தப்பிய ஒரு துவாரத்தாலும் வீக்கம் வரலாம். ஈறு நோயாலும், பல் இடுக்கில் மாட்டிய உணவாலும்கூட வரலாம். எதனால் என்பதைப் பரிசோதித்து, எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்ல முடியும்.

நரம்பை எடுத்து விட்டதால் அந்தப் பல்லுக்குக் கூச்சம் தெரியாது. உள்ளே சீழ் கட்டினாலும் வலி கம்மியாக இருக்கலாம். ஈறில் பரு மாதிரி ஒன்று கிளம்பி, உடைந்து, உப்புக் கரிக்கிற மாதிரி வாயில் சீழ் வந்து, பிறகு அமுங்கி விடும். "தானா ஆறிடுச்சு" என்று நினைப்போம். வேர் நுனியில் எலும்பு கரைந்து கொண்டே இருக்கும். ஊக்கால் அதைக் குத்தி விடாதீர்கள். கன்னத்தில் சூட்டு ஒத்தடமும் வேண்டாம், சீழ் வெளித்தோல் பக்கம் திரும்பக்கூடும். புகையிலை அடக்கிக் கொள்வது வலியை மறைக்குமே ஒழிய வைத்தியம் ஆகாது, அது புற்றுநோய்க்கும் வழி.

மெடிக்கல் கடையில் கேட்டு மாத்திரை வாங்குகிறோமே, அது ஏன் நிரந்தரமாகக் கேட்பதில்லை? மருந்து ரத்தத்தோடு போகிறது. செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் வீக்கம் அடங்குமே தவிர, கிருமி இருக்கிற இடத்துக்கு மருந்து போய்ச் சேராது.

கன்னம் தாண்டி கழுத்து, தாடைக்குக் கீழ், கண்ணோரம் என்று வீக்கம் பரவினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து. 108-க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் வேகமாகப் பரவும். சர்க்கரை, கர்ப்பம், ஒத்துக் கொள்ளாத மருந்து எதுவானாலும் டாக்டர் கேட்கும் வரை இருக்காமல் நாமே சொல்லி விட வேண்டும். கர்ப்பிணிகள் வலி மாத்திரையைத் தாங்களாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

வீங்கிய பல்லை உடனே பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பழைய அடைப்பை எடுத்து மறுபடி சுத்தம் செய்யலாம். சிலருக்கு ஈறைக் கீறி வேர் நுனியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். எலும்பு ஆறி வர மாதக்கணக்கில் ஆகும், அதனால் ஆறு மாதம் கழித்து ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வேர் சிகிச்சை எந்தக் கிழமை செய்கிறார்கள் என்று கேட்டுக் கொண்டு கிளம்பினால் வீண் அலைச்சல் மிச்சம். தனியாரிடம் போவதாக இருந்தால் எத்தனை தடவை வர வேண்டும், கேப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். குழுவில் உள்கடன் கேட்கும்போது கேப் செலவையும் சேர்த்தே கேளுங்கள். பாதிப் பணம் வாங்கிப் பாதி வைத்தியம் பார்த்தால், ஆறு மாதம் கழித்து அதே பல்லுக்கு இரண்டாவது கடன் எழுத வேண்டி வரும். அடுத்த தடவை போக வேண்டிய தேதியைக் கூட்டத்தில் சொல்லி வையுங்கள். ஊக்குநரோ பக்கத்து வீட்டு உறுப்பினரோ ஞாபகப்படுத்துவார்கள், அன்றைக்குப் பிள்ளையையும் பார்த்துக் கொள்வார்கள்.