கண்ணாடிக் குழாயில் ஒரு கச்சேரி

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் என்பது முறுக்கு மாதிரி. ஈடு ஈடாக வரும். நோக்கியா 2006-ல் இங்கே தயாரிக்க ஆரம்பித்து, 2014 நவம்பரில் கதவைச் சாத்திவிட்டுப் போனது. இன்றைக்கு ஃபாக்ஸ்கான் ஐபோனே செய்கிறது. இத்தனை எலெக்ட்ரானிக்ஸ் புழங்கும் ஊரில், 'ஒரு முழு சாமானை நானே செய்தேன்' என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

"தினம் எத்தனை போன்டா செய்யறே?" என்று என் ரூம்மேட்டைக் கேட்டேன்.

"போனா? நான் ஸ்க்ரூ போடறேன் அண்ணே. எனக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்ன... யாருக்குத் தெரியும்?"

சரி, ஒன்றையாவது முதலிலிருந்து முடிவுவரை செய்து பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தோம். ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர். அதுவும் வால்வு ஆம்ப்ளிஃபயர்!

ஆமாம் சார், தாத்தா காலத்து ரேடியோவில் இருந்ததே, அதே வால்வுதான். சுவிட்சைப் போட்டால், சூடேறிப் பாட்டு வருவதற்குள் காபி ஆறிப்போகும். 1906-ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய சமாசாரத்தின் வாரிசு. பெங்களூர் பி.இ.எல். 1961 முதல் ரேடியோ வால்வு செய்தது. பிறகு டிரான்ஸிஸ்டர் வந்து மூட்டை கட்ட வைத்தது. இப்போது புது வால்வுகள் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியாவிலிருந்து வருகின்றன.

உள்ளே நடப்பது எளிமையானது. சூடான கேத்தோடு எலெக்ட்ரான்களைக் கக்கும். எதிரே பிளேட் அவற்றை இழுக்கும். நடுவே கிரிட் என்ற கம்பி வலை. ஒரகடம் ஜங்ஷனில் நிற்கும் டிராஃபிக் கான்ஸ்டபிளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அசைப்பது ஒரு கையை. நிற்பதும் நகர்வதும் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். சின்ன அசைவு, பெரிய போக்குவரத்து. அதுதான் ஆம்ப்ளிஃபயர்!

நாங்கள் எடுத்தது இ.சி.சி.82. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு. இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. வோல்டேஜைப் பெருக்குவதில் சூரன். ஆனால் 32 ஓம் ஹெட்போன் கேட்கும் கரண்ட்டைத் தரத் தெம்பு கிடையாது. அதற்குக் காதுக்கு ஒன்றாக ஐ.ஆர்.எஃப்.510 மாஸ்ஃபெட். பழைய வால்வு ரேடியோவுக்குள் 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும். இந்த சர்க்யூட்டுக்கு 12 வோல்ட் அடாப்டர் போதும். எல்.ஐ.சி. ஏஜென்ட்டைக் கூப்பிட வேண்டியதில்லை.

ரிச்சி தெருவில் சாமான் வாங்கியாயிற்று. போர்டு செய்வது ஏறக்குறைய கோலம்தான். செம்புத் தகடு ஒட்டிய அட்டையில் மார்க்கரால் கோடு போட்டு, ஃபெர்ரிக் குளோரைடில் ஊறவைத்தால், மை படாத செம்பு கரைந்து கோடுகள் மட்டும் நிற்கும். (வெள்ளைச் சட்டையோடு பக்கத்தில் போகாதீர்கள். கறை போகவே போகாது. மிச்சத்தைச் சாக்கடையிலும் கொட்டாதீர்கள்.) துளை போட்டு, ஒன்பது கால் வால்வு பேஸை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். மாஸ்ஃபெட்டுக்குப் பெரிய ஹீட்சிங்க் அவசியம். பாட்டே பாடாவிட்டாலும் கரண்ட் குடித்துச் சூடாகிற ஜாதி. சுவிட்ச் போட்டவுடன் ஹெட்போனைச் செருகாமல் ஒரு நிமிஷம் பொறுங்கள். இல்லாவிட்டால் காதில் 'டொம்' என்று ஓர் அடி!

சத்தம் எப்படி? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மீட்டர் வைத்து அளந்தால் மலிவான ஐ.சி. ஆம்ப்ளிஃபயரே ஜெயிக்கும். ஆனால் வால்வு சேர்க்கும் கலப்படத்தில் இரட்டை அதிர்வெண் அதிகம். அதாவது ஸட்ஜமம் பாடினால் மேல் ஸட்ஜமமும் லேசாகக் கூடவே வரும். காதுக்கு அது உறுத்துவதில்லை. 'இதமாக இருக்கிறது' என்று பேர் வைத்துவிடுகிறோம்.

ஒரே சிக்கல், இப்போது வரும் பல போன்களில் ஹெட்போன் ஓட்டையே கிடையாது. உள்ளூரில் செய்த போனை எங்கள் ரூமில் செய்த ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துவைக்க நடுவே ஒரு குட்டி அடாப்டர் தரகர் தேவைப்பட்டார்.

பரவாயில்லை. தரகர் இல்லாமல் எந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது!